அக்காவின் ராத்திரிக்காரர்

நவம்பர் 4
இன்றும் இரண்டு பேர் வேலையை நானே பார்த்தேன். சலவைக் கடையில் அக்காவின் இஸ்திரி மேசை காலி. "உங்க அக்கா மகாராணிக்கு இன்னைக்கு என்னவாம்?" என்றார் முதலாளியம்மா. "காய்ச்சல்" என்று முனகினேன். அம்மா படுக்கையில் விழுந்தபோது பள்ளியை விட்டு இங்கே வந்தவள் நான். இன்னும் யார் முகத்தையும் பார்த்துப் பேச வரவில்லை.

நவம்பர் 9
அக்கா காதலிக்கிறாள். இருட்டிய பிறகு மட்டுமே சலவைக்குப் போட்ட சட்டையை வாங்க வரும் அந்த வெளிறிய ஆளை. நாங்கள் வைத்த பெயர் ராத்திரிக்காரர். பல தலைமுறையாக அவளுக்காகவே காத்திருந்தாராம்.
"கதைல வர்ற மாதிரி இருக்குடி."
அந்தக் கதையில் பாத்திரம் கழுவுவது யார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கழுவினேன்.

நவம்பர் 15
அக்காவின் சட்டைக் காலரில் ரத்தம். அவளே சொல்லிவிட்டாள், அவர் ரத்தக்காட்டேரி என்று. மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் என்பதைப் போலச் சொன்னாள்.
"வலிக்கலையாக்கா?"
"போடி, உனக்கெல்லாம் புரியாது."
புரியாதுதான். மாடிப்படி ஏறவே அவளுக்கு மூச்சு வாங்குகிறது.
"நானும் அவர மாதிரி ஆகப்போறேன். சாவே கிடையாது."
"அப்ப அம்மாவ யாரு பாத்துக்குவா?"
"அதான் நீ இருக்கியே."

நவம்பர் 16
அதான் நீ இருக்கியே. அதான் நீ இருக்கியே. ஏன், எனக்கு மட்டும் கால் இல்லையா? எனக்குப் போகத் தெரியாதா?

நவம்பர் 20
போய்விட்டாள். வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க இனி நான் ஒருத்திதான். இடுப்பு விட்டுப்போகிறது.

டிசம்பர் 3
விளக்குப் போடும் நேரத்தில் கதவைத் தட்டினாள். என்ன அழகாக இருந்தாள்! ஆனால் நிலைப்படியைத் தாண்டவில்லை.
"உள்ள இருக்கறவங்க வான்னு கூப்பிடணும்டி. அப்பதான் வர முடியும்."
"உன் வீடுதானேக்கா?"
"இப்ப இல்லையாம்."
இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. 'வா' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள், "பசிக்குதுடி" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் தோளுக்கு மேலே, அம்மாவின் அறையைப் பார்த்துச் சொன்னாள்.
உள்ளேயிருந்து அம்மா, "யாருடி வாசல்ல?" என்றாள்.
ஐயோ. அம்மாவுக்கு ஆள் வந்தால் போதும். தபால்காரராக இருந்தாலும், உள்ளே வாங்க, உட்காருங்க என்பாள்.
கத்தினேன். நான் கத்தினேன்! "யாரும் இல்லம்மா! காத்து!"
அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அழுதாளா? அவர்களுக்குக் கண்ணீர் வருமா?

டிசம்பர் 4
தூங்கவில்லை. கடையில் ஒரு திரைச்சீலையைத் தீய்த்துவிட்டேன்.

டிசம்பர் 11
மறுபடியும் வந்தாள். உள்ளே வரவேண்டும் என்று கேட்கவில்லை. கையில் ஒரு மூட்டை. அவருடைய வெள்ளைச் சட்டைகள்.
"நாளைக்கு வேணுமாம். துவைச்சு இஸ்திரி போட்டுக் குடுடி. என்கிட்ட அவர் ரொம்பப் பேசறதுகூட இல்ல இப்பல்லாம்."
"முடியாதுக்கா."
அவள் நம்பவில்லை. எனக்கும்தான் நம்ப முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். கால் வலி. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமும் கதவு லேசாக முனகியது. அக்காவும் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.