முப்பத்திரண்டாம் அத்தியாயத்துக்கு அப்புறம்

9 ஜூன் 2025, திங்கள்

காலைச் சர்க்கரை 148. இந்த நோட்டு அதை எழுதத்தான் வாங்கியது. எண் எழுதிய பிறகு பக்கம் சும்மா கிடக்கிறதே என்று மற்றதையும் எழுதுகிறேன்.

மத்தியானம் போனில் கதை. தாட்சாயிணிக்குக் கண்ணில் பிரஷர் வந்து பார்வை மங்கியதிலிருந்து மருமகள் ராதிகா செய்து வைத்த ஏற்பாடு. எழுத்து தெரியாமல் போனவளுக்காகப் போட்டது. பொழுது போகாத நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

இன்றைக்குப் படித்தவருக்கு நல்ல குரல். ஆனால் கொலையையும் கல்யாணத்தையும் ஒரே மாதிரி படிக்கிறார். அடுத்து எந்த பஸ் எந்த வழியாகப் போகும் என்று சொல்லிவிடுவாரோ என்று காத்திருந்தேன். அதைத் தாட்சாவிடம் சொன்னேன்.

"கம்முனு கேளுய்யா. அந்தாளு படிக்கிறதவுட நீ பேசறதுதான் ஜாஸ்தியா கீது."

12 ஜூன்

படிக்கிறவர்களுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டேன். அத்தியாயத்துக்கு நாலு முறை எச்சில் விழுங்குகிறவர் மிடறு மாமா. பெண் பேசும் இடம் வந்தால் மூக்கால் படிக்கிறவர் ஜலதோஷக்காரர். ஒரு அம்மா இருக்கிறார், எல்லாவற்றுக்கும் அழுவார். நேற்று காபி ஆறிப்போனதற்கு அழுதார்.

பின்னால் வீணை வாசிக்கிறவர்களை மட்டும் மன்னிக்கவே முடியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தோரு வருடம் தகடு அடிக்கிற பவர் பிரஸ் பக்கத்தில் நின்று இடது காது போயிற்று. மிச்சம் இருப்பது ஒன்று. அதில் வீணையை வாங்குவதா, கதையை வாங்குவதா?

ஒரு காலத்தில் தாட்சா படிப்பாள். சனிக்கிழமை சாயந்தரம் வாரப் பத்திரிகை வரும். நான் அஞ்சாவதோடு சரி. கிறுக்க வரும், அச்செழுத்துதான் ஓடாது. நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் கதாநாயகி கிழவியாகிவிடுவாள். அவள் பத்தாவது வரை போனவள். என் வலது பக்கம் உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டே படிப்பாள். வில்லன் வந்தால் அவள் அண்ணன் குரல் வரும். சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, அடுப்பைப் பார்க்க எழுந்து போவாள். வேண்டுமென்றேதான். நான் தவிப்பதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும். கேட்பவன் முகத்தைப் பார்த்துப் படித்தாள். இந்தப் பெட்டிக்குள் இருக்கிறவர்கள் யார் முகத்தைப் பார்ப்பார்கள், பாவம்.

16 ஜூன்

வேகத்தைக் கூட்டும் பொத்தானைக் கண்டுபிடித்தேன். அழுகிற அம்மாவை ஒன்றரை மடங்கில் ஓட்டினேன். அழுகை சிரிப்பாக வந்தது. தாட்சா தொடையில் கிள்ளிவிட்டாள்.

19 ஜூன், வியாழன்

ராதிகாவிடம் 'ஆறு சக்கரம்' கிடைக்குமா என்று தேடச் சொன்னேன்.

"அது இன்னா கதை மாமா?"

தெரியாத ஆள் இவள் ஒருத்திதான் பூந்தமல்லியில். டீக்கடைச் சம்பந்தம் என் வாயால் நூறு முறை கேட்டிருப்பான். லாரி டிரைவர் ஞானசேகரன், அவன் பெண்டாட்டி விஜி, ஒரு கைக்குழந்தை. அவன் மொடாக் குடிகாரன். நானும் அப்போது அப்படித்தான். சனிக்கிழமை சம்பளம், நேராகச் சாராயக்கடை. நாற்றத்தோடு வந்தால் கதை படிக்க மாட்டேன் என்று தாட்சா சொல்லிவிட்டாள். அதற்காக ஒரு சனிக்கிழமை குடிக்காமல் வந்தேன். அன்றைக்குத்தான் அந்த அத்தியாயம். ஞானசேகரன் நடுவழியில் வண்டியை நிறுத்தி, பாட்டிலைச் சக்கரத்தில் அடித்து உடைப்பான். "எம் புள்ளைக்கு என் வாசனை தெரியட்டும், உன் வாசனை வோணாம்" என்பான். எனக்கு ரோமம் சிலிர்த்துவிட்டது. அவன் விட்டான், நானும் விட்டேன். நாற்பது வருடம் ஆகிறது. என்னைத் திருத்தியது சாமியும் இல்லை, டாக்டரும் இல்லை, கதை.

ராதிகா தேடி எடுத்தும் விட்டாள். படிப்பவர் யாரோ ஹேமாவதி.

உள்ளேயிருந்து தாட்சா: "அந்தப் பழைய கதெல்லாம் இன்னாத்துக்கு இப்ப?"

23 ஜூன்

தாட்சாவுக்கு இந்தக் கதை பிடிக்கவில்லையாம். முதல் நாள் தலைவலி. இரண்டாம் நாள் பக்கத்துத் தெருப் பொன்னியம்மா வீட்டில் மஞ்சள் நீராட்டுக்குப் போகணும். இன்றைக்கு, "அந்தப் பொண்ணு கொரலு நல்லால்லைய்யா." மிடறு மாமாவையே குறை சொல்லாதவள்! ஹேமாவதிக்கு வீணை கிடையாது, அழுகை கிடையாது. தெளிவாகப் படிக்கிறார். குரல் நல்லாத்தான் இருக்கிறது.

சரி, நான் மட்டும் கேட்கிறேன். ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். தூரத்தில் டிரங்க் ரோட்டுக்கு மேல் மெட்ரோ பாலம். கதைக்குள் அதே டிரங்க் ரோடு, இரண்டு பக்கமும் புளிய மரத்தோடு. வாலிபம் திரும்பிவிட்டது, முட்டி வலி மட்டும் போகவில்லை.

பாட்டில் உடைகிற இடம் வந்ததும் ராதிகாவைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். கிழவன் கதை விடுகிறான் என்று நினைக்கிறாள்.

30 ஜூன், திங்கள்

பத்தொன்பதாம் அத்தியாயம். பாட்டில் உடையவில்லை.

அவன் குடித்துவிட்டு வண்டிக்கு அடியில் கிடக்கிறான். விஜி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுகிறாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ராதிகா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "எங்க மாமா பாட்டிலு?" என்றாள்.

"இரு, வரும். இந்தம்மா முன்ன பின்ன மாத்திப் படிக்குது."

4 ஜூலை

முப்பத்திரண்டோடு கதை முடிந்துவிட்டது. கடைசி வரை வரவில்லை. ஞானசேகரன் ஏதோ ஒரு தாபாவில் செத்துப் போகிறான், பெண்டாட்டி பிள்ளை முகம் பார்க்காமல். இது என்ன அநியாயம்? அவன் குடியை விட்டு, சொந்த வண்டி வாங்கி, மாமியாரோடு சண்டை போட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டதெல்லாம் எங்கே? ஒன்றேகால் வருடம் வாரா வாரம் கேட்டேனே!

போனில் கதை போடுகிற கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு சின்னப் பெண் எடுத்தது.

"சொல்லுங்க ஐயா, என்ன பிரச்சினை?"

"யம்மா, கதைல பாதிய காணோம்."

"டவுன்லோட் ஆகலையா ஐயா?"

"அதெல்லாம் ஆச்சு. முப்பத்திரண்டுதான் கீது. மீதிய யாரு துன்னது?"

"புத்தகமே அவ்வளவுதான் ஐயா."

"நான் வாராவாரம் கேட்டவன்மா. அப்ப நீ பொறந்திருந்தியா?"

"இல்லைங்க ஐயா."

"அப்ப நான் சொல்றத எழுதிக்கோ."

எழுதிக்கொண்டது. நல்ல பிள்ளை.

போனை வைத்த பிறகு பார்த்தால் தாட்சா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "அந்தப் பொண்ணு மேல இன்னாய்யா தப்பு, போயி கத்திகினு கீறே?" குரல் ஒரு மாதிரி இருந்தது.

5 ஜூலை

ஹேமாவதிக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டேன். ராதிகா சொல்லச் சொல்ல, 'பாதியை முழுங்கிவிட்டார்' என்றும் எழுதினேன்.

10 ஜூலை, வியாழன்

ராதிகா லைப்ரரியிலிருந்து அச்சுப் புத்தகத்தையே கொண்டுவந்துவிட்டாள். காலை பத்தரைக்கு உட்கார்ந்தேன். பத்தொன்பதாம் அத்தியாயத்தை எழுத்துக் கூட்டி முடிக்க ஒன்றேகால் ஆயிற்று. விஜி பஸ் ஏறுகிறாள். ஹேமாவதி ஒரு எழுத்துக்கூட விடவில்லை.

தாட்சா கூடத்தில் உட்கார்ந்து தடவித் தடவி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"தாட்சா. ஞானசேகரன் எத்தினியாவது வாரம் பாட்டில ஒடைச்சான்?"

கை நிற்கவில்லை. "அவன் எங்கய்யா ஒடைச்சான். நான்தான் ஒடைச்சேன்."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

"அப்ப பத்திரிகைல வந்த அந்தப் படம்? விஜி பஸ்ஸுல குந்திகினு அழுவுற மாதிரி போட்டிருந்தானே. நான் கேட்டதுக்கு கோயிலுக்குப் போறான்னு சொன்னே."

"ஆமா."

"ஏன் அழுவுறான்னு கேட்டேன்."

"ஆனந்தக் கண்ணீருன்னேன். நீயும் தலைய ஆட்டினே."

"அடிப்பாவி! முப்பத்திரண்டோட முடிஞ்சி போச்சே. மீதி வாரம்லாம்?"

"எதுனா ஒரு பக்கத்த தொறந்து வெச்சிகினு படிச்சேன். தலைவலித் தைல விளம்பரத்தப் பாத்துகினே ரெண்டு மாசம் ஓட்டிகீறேன். நீதான் எழுத்துப் பக்கமே திரும்ப மாட்டியே."

"ஏன்டி?"

அப்போதுதான் காயை வைத்தாள்.

"அவ பஸ்ஸு ஏறிட்டா. படிச்சிட்டு, நானும் பைய கட்டிட்டேன். கதவுக்குப் பின்னால வெச்சிருந்தேன். நீ வந்தப்புறம் சொல்லிட்டுப் போலாம்னு. நீ பாத்தா குடிக்காம வந்துகீறே. குளிச்சிட்டு, சட்ட மாத்திகினு, 'படி படி'ன்னு குந்திகினே, சின்னப் புள்ள மாதிரி. எனக்கு அந்த வரி வாயில வர்ல. சரி, ஒரு வாரம் பாப்போம்னு மாத்தினேன்."

"அப்பால?"

"மறு வாரமும் வந்தே."

11 ஜூலை

சர்க்கரை எடுக்கவில்லை.

அந்தப் பையைப் பார்த்தேனே. நீலக் கோடு போட்டது. அதன் மேல்தான் என் அழுக்குச் சட்டையைக் கழற்றிப் போட்டேன். இன்னாடி மூட்டைன்னு கேட்டதுக்கு, பழைய துணி, பாத்திரக்காரனுக்குப் போடன்னா. நம்பினேன். நான் எதைத்தான் நம்பல?

எங்க பையன் தினேஷுக்கு அம்மை போட்டப்ப நாலு நாள் ஊட்டுக்கு வர்ல நான். எங்க கிடந்தேன்னே தெர்ல. அவ வேப்பெலையும் புள்ளையுமா தனியா குந்திகினு இருந்தா. அப்பகூட கட்டாத பைய, கதையில ஒருத்தி போனதப் பாத்துட்டுக் கட்டியிருக்கா. அப்புறம் எனக்காக அந்தக் கதையவே திருப்பிட்டா. நான் என்னடான்னா நாப்பது வருசமா ஊரெல்லாம் சொல்லிகினு திரியறேன், கதை திருத்திச்சு, கதை திருத்திச்சுன்னு. அவ பக்கத்துலயே நின்னு கேட்டுகினு இருந்தாளே. ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம் இல்ல?

ஏன் சொல்லணும்? சொன்னா நான் மறுபடி கடைக்குப் போயிருப்பேன்னு பயமா? — போயிருப்பேனா?

தெரியாது. அதான் உண்மை. தெரியாது.

14 ஜூலை

ஹேமாவதியின் ஸ்டாரை அஞ்சாக மாற்றினேன். 'உங்கள் மேல் தப்பு இல்லை. உங்களுக்கு முன்னாடி எனக்குப் படித்தவங்க செய்த வேலை' என்று எழுதச் சொன்னேன். ராதிகா எழுதும்போது அவள் கண் கலங்கியது. "காபி ஆறிப்போச்சாம்மா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள்.

18 ஜூலை, வெள்ளி

டீக்கடையில் சம்பந்தம், "இன்னா அண்ணாத்தே, உன் லாரிக்காரன் கதை கெடைச்சிச்சா?" என்றான்.

கிடைத்தது என்றேன். ஞானசேகரன் செத்துப்போனான் என்றேன். அவன் முழித்தான். "அப்ப உன்ன திருத்தினது?"

"எங்க ஊட்டாண்ட அவரைக்காய் ஆஞ்சிகினு கீது, போய் பாத்துக்கோ."

முழுசும் சொன்னேன், பை உட்பட. அவன் டீயைக் கீழே வைத்துவிட்டான். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

2 ஆகஸ்ட், சனி

போனை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். தாட்சாவின் வலது பக்கம் போய் உட்கார்ந்து, அப்புறம் நினைவு வந்து இடம் மாறினேன். என் நல்ல காது அவள் பக்கம் இருக்க வேண்டுமே.

"படி," என்றேன்.

"எதய்யா?"

"பாதில நின்னு போச்சில்ல. புள்ளைய ஸ்கூல்ல உட்டான். அப்புறம் நாம டிவி வாங்கிட்டோம்."

"நீதான் கேக்கறத உட்டே. நான் நிறுத்தல."

அது நிஜம்தான். டிவி வந்த சனிக்கிழமையிலிருந்து நான் கேட்கவில்லை. அவள் பத்திரிகையை மடித்து வைத்ததைக்கூடப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தாள். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "அடுத்த வருசம் ஞானசேகரன் வண்டிக்கு பிரேக்கு போச்சு…" மாமியார் வந்ததும் அவள் அண்ணன் குரல் வந்தது. மாமியாருக்கு ஏன்டி உங்கண்ணன் குரல் என்றேன். படிக்கிறவளைக் கேள்வி கேட்கக்கூடாதாம்.

9 ஆகஸ்ட்

சரியான இடத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கிறாள். மாறவே இல்லை.

23 ஆகஸ்ட், சனி

விஜிக்கு வயதாகிவிட்டது. தாட்சா ஒரே வாரத்தில் பத்துப் பதினைந்து வருடம் தாண்டிவிடுகிறாள். ஞானசேகரன் இப்போது மெட்ரோ வேலைக்கு லாரியில் ஜல்லி லோடு அடிக்கிறான். "எழுவது வயசுல எவன்டி லாரி குடுத்தான்?" என்றேன். "உன் வயசுதான் அவனுக்கும். நீ மாடி ஏறல?" என்றாள்.

விரலை மடிமேல் ஓட்டிக்கொண்டே படித்தாள். விஜிக்கு ஒரு கண் மங்கிவிட்டது, இன்னொன்றும் கொஞ்ச நாள்தான் என்று டாக்டர் சொல்கிறார், அதை விஜி ஞானசேகரனிடம் சொல்லவில்லை.

அங்கே நிறுத்தினாள். தண்ணீர் கேட்கவில்லை. போன வாரம் ராதிகாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவள், மருந்தை மாற்றியிருக்கிறார்கள் என்று மட்டும்தான் என்னிடம் சொல்லியிருந்தாள்.

நான் கேட்டேன்: "ஞானசேகரன் இன்னா பண்றான்? அவள நல்லா பாத்துக்கிறானா?"

"தெர்லய்யா. இன்னும் அவ்ளோ தூரம் படிக்கல."

"மெதுவா படி," என்றேன். "நான் எங்கியும் போவல."