உப்பு லாரியில் என் பக்கத்தில் இருந்த மதினிக்கு

மதினி, என் மதினி,

உங்கள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறிவிட்டார்கள். அண்ணன் கொல்லையில் கயிற்றுக்கட்டிலில் கிடக்கிறான், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான், அவ்வளவுதான். உங்கள் மகள் பாக்கியம் என் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு தூங்குகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது மதினி. அதைச் சொல்ல உங்களை விட்டால் எனக்கு யார்?

இதே மாதிரி ஒரு பயம் சிலோனில் பட்டேன். அப்போது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள்.

குருநாகலில் கடை வேலைக்குப் போன அண்ணன் அங்கே ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடக்கிறான் என்று, அங்கிருந்து வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சேதியே இல்லை. "நான் போயிக் கூட்டியாரேன்" என்றீர்கள். புருஷனை இழந்து பிறந்த வீட்டில் முடங்கிக் கிடந்த என்னைப் பார்த்து, "நீயும் வா அன்னம். நீ எழுத்துக் கூட்டிப் படிப்பீல்ல" என்றீர்கள். தலைமன்னாரில் கப்பலை விட்டு இறங்கினால், அந்த ஊர்ப் பலகைகளில் பாதி எழுத்து வட்டம் வட்டமாக இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கேயே உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

ரயிலுக்குக் கொடுத்தால் அண்ணனோடு திரும்பி வரக் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் ரோட்டோரம் நின்று, வருகிற வண்டியை எல்லாம் கைகாட்டி நிறுத்தினோம். கொஞ்ச தூரம் மாட்டுவண்டி. அப்புறம் புத்தளம் வரைக்கும் ஒரு கருவாட்டு லாரி. மரத்தடியில் அவலை நனைத்துத் தின்றோம். எந்த வண்டி நின்றாலும், ஏறலாமா ஓடலாமா என்றே எனக்குத் தோன்றும். நீங்கள் டிரைவரின் முகத்தை ஒரு தரம் பார்ப்பீர்கள், உடனே ஏறிவிடுவீர்கள். அந்த முகத்தில் என்ன பார்த்தீர்கள்? எனக்கு எல்லா முகமும் ஒன்றாகத்தானே தெரிந்தது?

புத்தளத்தில் கருவாட்டு லாரிக்காரர் நம்மை இறக்கிவிட்டார். "மேல போகாதீங்க. தமிழ் ஆளுங்கள அடிக்கிறாங்களாம், கடையக் கொளுத்துறாங்களாம்" என்றார். நான் திரும்பிவிடலாம் என்று அழுதேன். "ஒங்க அண்ணன் அங்கிட்டுத்தானே கெடக்காரு" என்றீர்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு உங்கள் பின்னாலேயே வந்தேன்.

அப்போதுதான் அந்த உப்பு லாரி வந்தது. சிங்கள டிரைவர், நரை விழுந்த மனுஷர், பேர் கேட்கவும் தோன்றவில்லை. நீங்கள் "குருநாகல்" என்று சொல்லிக் கும்பிட்டீர்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. "பொட்டு அழி. பேச வேணாம்" என்றார். நீங்கள் பொட்டை அழித்தீர்கள். தாலியை ரவிக்கைக்குள் தள்ளினீர்கள். அவர் தந்த பழைய போர்வையை இரண்டு பேரும் கழுத்து வரை இழுத்துக்கொண்டோம்.

மத்தியானம், தென்னந்தோப்பு ஓரம் ஒரு திருப்பத்தில் கட்டையும் கம்பியுமாக ஒரு கூட்டம் லாரியை மறித்தது. டிரைவர் அவர்களோடு சிரித்துச் சிரித்துப் பேசினார். நம்மைப் பிடித்துக் கொடுக்கப் போகிறாரோ என்றுகூட நினைத்தேன் மதினி. ஒருவன் என் பக்கக் கதவில் ஏறி, முகத்துக்கு நேரே ஏதோ கேட்டான். வெற்றிலை வாடை அடித்தது. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவன் திரும்பக் கேட்டான், இந்தத் தடவை சத்தமாக.

அப்போது நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினீர்கள். சொல் எதுவும் இல்லை, வெறும் அலறல். என் மடியில் சாய்ந்து, அவன் கை மேலேயே வாந்தி எடுத்தீர்கள். அவன் கையை உதறிக்கொண்டு கீழே குதித்தான். டிரைவர் கோபமாகக் கத்தினார். ஆஸ்பத்திரி என்று சொன்னார் போலிருக்கிறது. கூட்டம் விலகியது. லாரி நகர்ந்தது.

ரொம்ப தூரம் போன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. டிரைவர் ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். அப்புறம் நம்மை ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுபோய் விட்டு, உள்ளே போய் அண்ணன் கிடந்த கட்டிலையும் விசாரித்துச் சொன்னார். கலவரம் அடங்கும்வரை அங்கேயே ஒடுங்கிக் கிடந்தோம். பிறகு எலும்பும் தோலுமாக அண்ணனைக் கூட்டிக்கொண்டு வல்லத்திராக்கோட்டை வந்து சேர்ந்தோம்.

வந்த பிறகுதான் நீங்கள் முழுகாமல் இருப்பது வீட்டில் தெரிந்தது. பொங்கலுக்கு அண்ணன் வந்து போனானே, அப்போது தங்கியது. லாரியில் நீங்கள் அலறியது நடிப்பா, நெசமா? பிள்ளை வயிற்றில் இருப்பது தெரிந்தேதான் கிளம்பினீர்களா? எத்தனையோ தடவை கேட்டேன். "போடி இவளே" என்று சிரித்தே ஒப்பேற்றினீர்கள். இந்த மாசியில் மஞ்சக்காமாலை உங்களைக் கொண்டுபோய்விட்டது. இனி நான் யாரைக் கேட்பேன்?

நேற்று உங்கள் அண்ணன் புறப்படும்போது சொன்னார்: "புள்ளைய எங்ககிட்ட விடுங்க. மாப்பிள்ளைக்கு வேற எடம் பாப்போம். ஒத்தப் பொம்பள நீ எப்புடித்தா வளப்ப?" என் அண்ணன் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டான். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என் நாக்கு மறுபடி ஒட்டிக்கொண்டது. அலற நீங்கள் இல்லை.

பாக்கியம் என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். "புள்ள இங்கதான் இருக்கும். நான் வளப்பேன்" என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். மறுபடி வருவார்.

வரட்டும் மதினி. அவர் வரும்போதும் எனக்குக் கை கால் உதறத்தான் செய்யும். உதறிக்கொண்டே வாசலில் நிற்பேன். பாக்கியத்தைக் கையை விட்டு அனுப்ப மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் நாத்தனாரும்
பாக்கியத்தின் அத்தையுமான
அன்னம்