வில்லனின் முகத்துக்குப் பின்னால் வயர் இல்லை

என் மலரக்கா,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய சீரியலின் முதல் பாகத்தில் கடைசிப் பகுதி போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் வந்துவிட்டது. அதைப் பற்றிச் சொல்லும் முன்னால் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தயாரிப்பாளர் என்னை அவிநாசி ரோடு ஆபீசுக்குக் கூப்பிட்டு, வில்லன் பூபதியைக் கடைசியில் எந்திரமாக்கச் சொன்னார். முகத்தோல் கிழிய வேண்டும், உள்ளே வயர் தெரிய வேண்டும். நான் சரி என்று சொல்லிவிட்டேன் அக்கா.

விண்வெளிக் கதைகளில் உனக்கு ஆகவே ஆகாதது அதுதான். "மனுசன் இல்லைன்னு தெரிஞ்சதும் எல்லாரும் நிம்மதியாத் தோசை ஊத்தப் போயிருவாங்க" என்பாய். அதனால்தான் பூபதியை நம்மைப்போல் ஒருவனாக எழுதினாய். செவ்வாய்க் கிரகத்தில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே இரண்டு ஊர்கள். தன் ஊர் பிழைக்கப் பக்கத்து ஊரின் தண்ணீரை உறிஞ்சிவிடும் இன்ஜினீயர் அவன்.

தயாரிப்பாளருக்குப் பயந்து நான் தலையாட்டவில்லை. அப்பாவுக்காகத்தான் ஆட்டினேன். நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் அப்பா வரப்பை ஒட்டி ஆழ்துளைக் கிணறு போட்டார். பக்கத்துத் தோட்டத்து ரங்கசாமி மாமாவின் கிணறு வற்றியது. தென்னை காய்ந்து, அந்தக் குடும்பமே திருப்பூருக்குப் போனது. ஏன் இப்படி என்று அம்மா கேட்டபோது நம் இரண்டு பேரையும் காட்டி அப்பா சொன்னதை வார்த்தை மாறாமல் பூபதியின் வாயில் வைத்திருந்தாய்: "என்ற புள்ளைங்க குடிக்கோணும்ல?"

பூபதி எந்திரமாகிவிட்டால் அப்பாவுக்கு எதுவும் உறைக்காது என்று நினைத்தேன். நீயும் அதைத்தான் விரும்பியிருப்பாய் என்றுகூட என்னை ஏமாற்றிக்கொண்டேன்.

சூலூரில் ஓடாமல் கிடக்கும் நூற்பாலையில் படப்பிடிப்பு. பூபதியாக நடித்தவர் ரப்பர் முகத்தோடு உட்கார்ந்து அந்த வசனத்தைச் சொன்னார். கேமராவுக்குப் பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். நிறுத்துங்கள் என்றேன்.

டைரக்டர் போனில் தயாரிப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார். "மாத்துனா அடுத்த பாகத்துல உன் பேர் இருக்காது, செல்வி" என்றார் அவர். சரிங்க, பேர் போனால் போகட்டும் என்றேன். வெளிச்சம் போக ஒரு மணி நேரம்தான் இருந்தது. ரப்பரைக் கழற்றினார்கள். தண்ணீரில்லாமல் காலியான பக்கத்து ஊரிலிருந்து வந்த பெண் பூபதிக்கு எதிரில் உட்கார்கிறாள். அவன் அதே வசனத்தைச் சொல்கிறான். அவள் தன் பிள்ளைகளைச் சொல்லி "என்ற புள்ளைங்க?" என்று மட்டும் கேட்கிறாள். அவ்வளவுதான் முடிவு.

ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் மட்டும் டிவி முன்னால் இருந்தோம். அந்த வசனம் வந்ததும் அப்பா டிவியை விட்டு என்னைப் பார்த்தார். நான் திரும்பவில்லை. முடிந்த பிறகும் வெகுநேரம் ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

"இது மலரு எழுதுனதா, கண்ணு?"

"ஆமாங்கப்பா."

"எங்கிட்ட ஏன் ஒருவாட்டிகூடக் கேக்கல?"

நீ ஏன் கேட்கவில்லை அக்கா? நான்தான் ஏன் கேட்கவில்லை?

மறுநாள் காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறினார். கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். பொழுது சாயும் வரை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். போன் அடித்தேன், எடுக்கவில்லை.

வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தார். ரங்கசாமி மாமா இறந்து நாலு வருசமாம். நமக்கு யாரும் சொல்லவில்லை. அத்தை மட்டும் மகன் வீட்டில் இருக்கிறார்களாம்.

"திட்டுவாங்கன்னுதான் போனேன்," என்றார் அப்பா. "வாங்க, வெயில்ல வந்திருக்கீங்கன்னு தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. குடிக்க முடியல கண்ணு. சொம்ப அப்படியே வெச்சுப்போட்டு வந்துட்டேன்."

மன்னிப்புக் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை. அவருடைய கை என் கைக்குள் இருந்தது.

அடுத்த பாகத்தை வேறு யாரோ எழுதுகிறார்கள். பூபதியை எந்திரமாகவே திரும்பக் கொண்டுவருவார்கள் என்று கேள்வி. போகட்டும். வர்ற வெள்ளிக்கிழமை அப்பாவை நானே திருப்பூருக்குக் கூட்டிப்போகிறேன். அத்தை கொடுக்கும் தண்ணீரை இந்த முறை அவர் குடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே இருப்பேன். உனக்குக் கொடுக்கும் வாக்கு இது.

அப்பாவின் இன்னொரு மகள்,
உன் தங்கை செல்வி