வெளிச்சத்தைப் பார்த்தவன்

கரோ முனைக் கலங்கரை விளக்கக் குடியிருப்பு,
இலையுதிர்காலக் கடைசி

அன்பு மகள் மிசாவோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே பிரேசிலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இதை உட்கார்ந்து படி, மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொள். உன் தம்பி இசாமுவைக் கடல் கொண்டுபோய்விட்டது மிசாவோ. தந்தி கொடுத்துவிடலாம் என்றார் அப்பா, நான்தான் தடுத்தேன், இரண்டு சொல்லில் என் பிள்ளையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

இசாமுவின் படகோடு கணவாய் மீன் பிடிக்கிற படகுகள் எல்லாம் வெளியே போயிருந்த அன்று மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பிவிட்டது, வானம் இருட்டிக்கொண்டு வரவே அப்பா சீக்கிரமாகவே விளக்கை ஏற்றினார். ஏற்றிய கொஞ்ச நேரத்தில் விளக்கைச் சுற்றியிருக்கிற கண்ணாடியைச் சுழற்றும் எடைக்கல்லின் கம்பி அறுந்து, கல் கோபுரத்தின் அடியில் போய் விழுந்தது. நம் விளக்கு அடுத்தடுத்து இரண்டு தடவை மின்னி அப்புறம் இருண்டிருக்கும், தோபி முனை விளக்குக்கு ஒரே மின்னல், அதை வைத்துத்தானே படகுக்காரர்கள் எந்தக் கரை என்று கண்டுகொள்கிறார்கள், சுழலாமல் நின்றால் நேராகப் பாறையில் ஏறிவிடுவார்களே. உதவியாளர் காய்ச்சலில் கிடந்ததால் அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் வாய்விட்டு எண்ண எண்ண அவர் கண்ணாடியைக் கையால் தள்ளினார், அவர் கை ஓய்ந்தபோது நான் தள்ளினேன். "வேகமா எண்ணாதடி, உன் பயத்துக்கு ஏத்த மாதிரி விளக்கு சுத்தாது" என்று ஒரு தடவை அதட்டினார். இசாமுவின் பெயரை இரண்டு பேருமே எடுக்கவில்லை. விடியும்வரை ஒரு மின்னல்கூடத் தவறவில்லை, அதை மட்டும் நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

காலையில் படகுகள் வந்துவிட்டன, இசாமுவின் படகும் கிழவர் மத்சுயின் படகும் தவிர. கூடப் போய்த் திரும்பிய படகுக்காரன் கென்சாகு ஒரு சாக்கே மதுப் புட்டியைக் கொண்டுவந்து அப்பா காலடியில் வைத்துவிட்டு மண்டியிட்டு அழுதான். வழியில் மத்சுயின் இயந்திரம் நின்றுபோயிற்றாம், இசாமு கயிறு கட்டி இழுத்துவரப் படகைத் திருப்பினானாம். "நம்ம அப்பா வெளிச்சம் தெரியுது, நீங்க போங்கண்ணே, நான் பின்னாலயே வர்றேன்னு சிரிச்சுக்கிட்டே கத்தினான் ஐயா" என்றான். அப்பா புட்டியைத் திறக்கவில்லை, அது இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

கென்சாகு சொன்னதைக் கேட்டதும் உன் தம்பி பெண்டாட்டி கினு அழுகையை நிறுத்திவிட்டாள். "அவர் வெளிச்சத்தைப் பார்த்திருக்கார் அத்தை, அவருக்கு வழி தெரியும், வந்துடுவார்" என்றாள். மத்சுயின் உடல் கரை ஒதுங்கிற்று, நம் படகின் பெயர் எழுதிய பலகை தோபி முனையில் கிடைத்தது, எதற்கும் அவள் மசியவில்லை. வேளாவேளைக்கு அவனுக்கும் சோறும் மிசோ சூப்பும் எடுத்துவைப்பாள். சூப்புக் கிண்ணத்தின் மூடியில் நீர் பூத்திருந்தால் அவன் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தமாம், திறந்து என்னிடம் காட்டுவாள். கொதிக்கிற சூப்பை மூடிவைத்தால் நீர் பூக்காமல் என்ன செய்யும், அதை நான் எந்த வாயால் சொல்ல. கோயில் சாமியார் காரியத்துக்கு நாள் குறிக்க வந்தபோது, "மாமா யாருக்காக தினம் விளக்கு ஏத்துறார்? அவர் ஏத்துற வரைக்கும் நான் துக்கக் கருப்பு உடுத்த மாட்டேன்" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டாள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

போன வாரம் பொழுது சாயும் நேரத்தில் அவளே கோபுரத்துக்கு ஏறி வந்தாள். நானும் அங்கேதான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். "மாமா, இன்னைக்கு ஒரு நாள் ஏத்தாம இருங்களேன். அந்த வெளிச்சம் வந்து வந்து போறப்பல்லாம் வாசலுக்கு ஓடுறேன். என்னால முடியல மாமா" என்றாள். அப்பாவின் கையில் தீக்குச்சி இருந்தது. அதை உரசாமல் கடல் பக்கம் பார்த்தார். பிறகு, "கடல்ல கென்சாகு இருக்கான்ம்மா" என்று மட்டும் சொல்லி ஏற்றிவிட்டார். அவள் கீழே போய் இசாமுவின் சூப்பை வாசலில் கொட்டினாள், கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள், மறுநாள் கருப்பு உடுத்திக்கொண்டாள். அவனுடைய தொப்பியையும் கம்பளிக் காலுறையையும் உடலுக்குப் பதிலாகப் பெட்டியில் வைத்துப் புதைத்தோம்.

ஊரில் எல்லோரும் கினு தெளிந்துவிட்டாள், இனி பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள். எனக்குத்தான் தாங்கவில்லை. பைத்தியம் மாதிரிப் பேசாதே என்று வெளிக்கு அவளைத் திட்டிக்கொண்டே, அவள் மூடியைத் திறக்கும்போதெல்லாம் நானும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது எட்டிப் பார்க்க ஒன்றுமில்லை.

நீ புறப்பட்டு வராதே, வந்து பார்க்க இங்கே முகம்கூட இல்லை. கப்பலில் நீ வருகிறாய் என்று தெரிந்தால் அத்தனை நாளும் நான் செத்துச் செத்துப் பிழைக்க வேண்டும். குழந்தைக்குக் குளிர் பட்டுவிடாமல் பார்த்துக்கொள், மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே, நேரத்துக்குச் சாப்பிடு. கடல் கண்ணில் படாத அந்த மண்ணில் நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். தம்பிக்கு அங்கேயே ஒரு ஊதுபத்தி ஏற்று, மறந்துவிடாதே. அப்பாவையும் ஒரு வரி எழுதச் சொன்னேன். பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்துவிட்டு, விளக்கு ஏற்ற நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்.

உன் அம்மா,
சயோ