சாயப்பட்டறைத் தெருவில் பழஞ்சுவர் மேல் நிற்கும் வீடு

அனுப்புநர்:
ஸ். பாக்கியமேரி,
தையல் ஆசிரியை (ஓய்வு),
சாயப்பட்டறைத் தெரு, பாலக்கரை,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பொருள்: எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியபோது வெளிப்பட்ட பழங்காலக் குடியிருப்பின் சுவரை வரும் திங்கட்கிழமை இயந்திரம் கொண்டு உடைக்க இருப்பதை நிறுத்தவும், அச்சுவரின் மேல் நிற்கும் எங்கள் வீட்டையும் உள்ளே படுக்கையில் இருக்கும் என் கணவரையும் காப்பாற்றவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதற்குமுன் நான் யாருக்கும் மனு எழுதியதில்லை. முறையில் பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு, முழுவதும் படிக்குமாறு வேண்டுகிறேன்.

1. என் கணவர் ஸ்தனிஸ்லாஸ் ரயில்வே பணிமனையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் அவருக்கு வலது கை, கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. தெருவைப் பார்த்த முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டு வைத்திருந்தேன். எங்கள் ஒரே மகள் லிசி ஸ்ரீரங்கத்தில் மாடிப்போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே.

2. சென்ற பொங்கல் முடிந்ததும் குழாய் பதிக்க எங்கள் வாசலையொட்டித் தோண்டினார்கள். ஆள் உயர ஆழத்தில் அகலமான செங்கற்களால் கட்டிய சுவர் தெரிந்தது. பக்கத்திலேயே சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய ஓர் உறைகிணறும் இருந்தது. பணி நிறுத்தப்பட்டு, அகழாய்வுக் குழு ஒன்று வந்தது. குழுவின் பொறுப்பாளர் அனுசுயா என்ற ஆய்வாளர். சோழர் காலத்தில் இங்கே மக்கள் குடியிருந்த தெரு ஒன்று இருந்திருக்கிறது என்று அவர் எங்களுக்கு விளக்கினார். அடுப்புகள், பானை ஓடுகள், கண்ணாடி வளையல் துண்டுகள் என்று தினமும் ஏதாவது வெளியே வந்தது.

3. அந்த நாட்களைக் குறித்து எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். குழுவில் இருந்த மாணவிகள் எங்கள் வீட்டில்தான் தண்ணீர் குடித்தார்கள், மதியம் சாப்பிட்டார்கள். என் கணவர் காலை முதல் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒருநாள் அனுசுயா ஒரு வளையல் துண்டை அவர் இடது உள்ளங்கையில் வைத்தார். அவர் அதை வெகுநேரம் வைத்திருந்துவிட்டு, பிறகு என் கையைப் பிடித்து என் வளையலோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். நோய் வந்தபின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

4. ஏப்ரலில் குழுவின் அனுமதிக் காலம் முடிந்தது. புறப்படும் முன் அனுசுயா என்னைப் பள்ளத்தில் இறங்க வைத்திருந்த மூங்கில் ஏணி அருகே அழைத்துக் கீழே காட்டினார். "டீச்சர், உங்க முன்சுவருக்குன்னு தனியா அஸ்திவாரம் போடலைங்க. அந்தக் காலத்துல உங்க வீட்டைக் கட்டினவங்க இந்தப் பழைய சுவர் மேலேயே எழுப்பிட்டாங்க. மணல் போட்டு மூடுற வரைக்கும் இங்க மெஷினை இறக்கவிடாதீங்க" என்றார். இதையே எழுத்து மூலமாகவும் தம் அலுவலகத்துக்குத் தெரிவித்ததாகச் சொன்னார். பள்ளத்தின்மேல் தார்ப்பாய் விரித்துவிட்டுக் குழுவினர் சென்றார்கள். மணல் வரவில்லை.

5. மே மாதக் கோடை மழையில் தார்ப்பாய் கிழிந்தது. பள்ளத்தில் தண்ணீர் நின்று பழஞ்சுவரின் ஒரு பகுதி சரிந்தது. மறுநாள் எங்கள் முன்சுவரில் மேலிருந்து கீழாக விரிசல் ஓடியிருந்தது. காரை பெயர்ந்து என் கணவரின் கட்டிலில் விழுந்தது. எதிரே பாத்திரக்கடை வைத்திருக்கும் திரு. சேக் மைதீன் தம் மகன்களோடு வந்து கட்டிலைச் சமையலறைக்கு மாற்றிக் கொடுத்தார். இன்றுவரை என் கணவர் அடுப்புக்கு அருகில்தான் கிடக்கிறார்.

6. ஒப்பந்ததாரரிடம் போனால், "பள்ளம்தாங்க எங்களுது, அதுக்குள்ள இருக்கிறது எங்களுது இல்லீங்கம்மா" என்றார்கள். அகழாய்வுத் தரப்பில் கேட்டால் எங்கள் வேலை முடிந்தது, சாலை எங்களுடையதல்ல என்று பதில் வந்தது. இருவர் சொன்னதும் உண்மையாகவே இருக்கலாம். நடுவில் எங்கள் வீடு இருக்கிறது.

7. அவரை வேறிடத்துக்கு அழைத்துப்போனால் என்ன என்று தாங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. பின்னால் அடுத்த கட்டடத்தின் சுவர். ஜூன் மாதம் லிசியும் அக்கம்பக்கத்தாரும் அவரை நாற்காலியில் வைத்து, வாசலில் போட்ட பலகை வழியே தூக்கிச் செல்ல முயன்றார்கள். பலகை வளைந்தது. கீழே பள்ளத்தைப் பார்த்ததும் அவர் இடது கையால் கதவுநிலையைப் பற்றிக்கொண்டார். விரல்களைப் பிரிக்க எங்களால் முடியவில்லை. அதன் பிறகு யார் தூக்க வந்தாலும் சத்தம் போட்டு அழுகிறார். ஆம்புலன்ஸில் வந்தவர்களும் இந்தப் பலகையில் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவர முடியாது என்று திரும்பிவிட்டார்கள்.

8. இதற்கிடையே தெருவில் கடைகள் படுத்துவிட்டன. பணியை உடனே தொடங்கச் சொல்லித் தெருவாசிகள் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். திரு. சேக் மைதீனும் அதில் கையெழுத்திட்டார். வியாபாரம் இல்லாமல் அவர் படும் பாட்டை அறிவேன். அவரை நான் குறை சொல்லவில்லை.

9. நேற்று முன்தினம் வியாழக்கிழமை காலை ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் திரு. அரவிந்தன் ஜேசிபியுடன் வந்தார். நான் விரிசலைக் காட்டிக் கெஞ்சினேன். "ஒண்ணும் ஆகாது டீச்சர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். இயந்திரத்தின் வாளி பழஞ்சுவரில் முதல்முறை விழுந்ததுமே எங்கள் ஜன்னல் மேல்கட்டை இறங்கிக் கண்ணாடி நொறுங்கியது. சமையலறையிலிருந்து என் கணவரின் குரல் கேட்டது. அதில் சொல் எதுவும் இல்லை. அப்படி ஒரு குரலை நான் இதுவரை கேட்டதில்லை.

10. ஐயா, நான் போராட்டம் செய்கிறவள் அல்ல. மூட்டுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். எப்படி அந்த மூங்கில் ஏணியில் இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. வாளிக்குக் கீழே அந்தச் சுவரின் மேல் உட்கார்ந்துகொண்டேன். ஓட்டுநர் உடனே எஞ்சினை நிறுத்திவிட்டார். திரு. அரவிந்தன் மேலிருந்து, "எனக்குக் கெடு குடுத்திருக்காங்க டீச்சர், நான் என்ன பண்ணட்டும்? மேல வாங்க" என்று பலமுறை அழைத்தார். கோபமாகப் பேசவில்லை. கடைசியில், சுதந்திர தின விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலை போலீஸோடு வருவதாகச் சொல்லிவிட்டு இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

11. எல்லோரும் கலைந்த பிறகு திரு. சேக் மைதீன் மட்டும் பள்ளத்தில் இறங்கி வந்தார். என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிறகு, "கையெழுத்துப் போட்டப்ப அண்ணன் உள்ள கிடக்குறது எனக்குத் தோணாமப் போச்சு, டீச்சரம்மா. எம் பக்கமாக் குழாயைக் கொண்டு போகட்டும். கடைப்படியை இடிச்சுக்கட்டும், படிதானே, கட்டிக்கலாம்" என்றார். தெருவின் எதிர் ஓரத்தில் அகழாய்வுக் குழு சோதனைக்காகத் தோண்டியபோது பழைய கட்டடம் எதுவும் அகப்படவில்லை, வெறும் மணல்தான். அனுசுயாவிடம் தொலைபேசியில் கேட்டோம். அவரும் அதை உறுதி செய்தார். ஆனால் குழாயின் தடத்தை மாற்றத் தமக்கு உத்தரவு வேண்டும் என்கிறார் திரு. அரவிந்தன்.

12. ஆகவே, கீழ்க்கண்டவற்றுக்குத் தாங்கள் உடனே ஆணையிட வேண்டுகிறேன். எங்கள் வாசலில் இயந்திரம் இறங்கக் கூடாது. பொறியாளர் ஒருவர் நேரில் வந்து முன்சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பழஞ்சுவரைச் சுற்றி ஆட்களைக் கொண்டு மணல் நிரப்ப வேண்டும். குழாயை எதிர் ஓரமாகக் கொண்டு செல்ல வேண்டும். தெருவுக்குச் சாக்கடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோழர் காலத்தின் பெருமையைப் பேசும் அளவுக்கு எனக்குப் படிப்பும் இல்லை. அந்தச் சுவர் நின்றால்தான் எங்கள் சுவர் நிற்கும். எங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் அவர் படுத்திருக்கிறார். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

திங்கட்கிழமைகளில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வந்து மனுவை நேரில் கொடுப்பதே முறை என்று அறிவேன். அதுவரை காத்திருக்க இயலாததால் என் மகள் லிசி வழியாக இன்றே தங்கள் முகாம் அலுவலகத்தில் சேர்ப்பிக்கிறேன். திங்கட்கிழமை தாங்கள் விசாரணைக்கு அழைத்தாலும் என்னால் வர இயலாது. ஆணை வரும்வரை நான் அந்தச் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருப்பேன்.

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 16.08.2025, சனிக்கிழமை

இப்படிக்கு,
தங்கள் ஆணையை மட்டுமே நம்பியிருக்கும்,
ஸ். பாக்கியமேரி

என் கடையின் முன்படியை இடித்துக் குழாய் பதிக்க எனக்குச் சம்மதம். முன்பு நான் கையெழுத்திட்ட மனுவிலிருந்து என் பெயரை நீக்கிவிடக் கேட்டுக்கொள்கிறேன்.
மு. சேக் மைதீன்