திருச்சிக்காரர் போட்ட அறுபத்திரண்டு

மேலப்புதூர், திருச்சி
ஞாயிறு, காலைப் பூசைக்குப் பின்

அன்புள்ள லிசிக்கு,

ஆண்டவர் அருளால் நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்பதை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன், பத்து நாளாக நீ போன் பண்ணும்போதெல்லாம் நான் மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போய்விடுகிறேன், காரணம் கீழே வரும். குழப்பமில்லாமல் எழுத வேண்டுமென்று வரிசைப்படுத்திக்கொண்டேன்:

1. நான் விளையாடிய மூன்று வீடியோ கேம்கள்
2. உங்கள் கம்பெனியின் கேம்
3. அதற்கு மதிப்பெண் போடப்பட்ட விதம்
4. நீ எடுக்க வேண்டிய முடிவு

முதலாவது. உங்கள் கேம் வெளிவந்ததும் அதை மட்டும் பார்த்து அபிப்பிராயம் சொல்வது முறையல்ல, நாலு தாளாவது திருத்தினால்தான் தரம் பிடிபடும் என்று எனக்குத் தோன்றியது. எதிர்வீட்டுக் கமருன்னிசா டீச்சரிடம் அவர் மகன் துபாயிலிருந்து அனுப்பிய கருவி இருக்கிறது, ரிட்டயர் ஆனதிலிருந்து தினமும் அஸர் தொழுகை முடித்துவிட்டுக் கார்ப் பந்தயம் ஓட்டுகிறார். நான் ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடித்ததைப் பார்த்து, சார் நீங்க ரேஸுக்கு வந்தீங்களா பொண்ணு பார்க்க வந்தீங்களா என்று கேட்டார். அதற்கு நூற்றுக்கு ஐம்பத்துநாலு. அடுத்தது சண்டை. குண்டடி பட்டவன் ஒரு சுவருக்குப் பின்னால் அரை நிமிஷம் குந்தியிருந்தால் குணமாகிவிடுகிறான், அப்படி ஒரு சுவர் நம் ஊரில் இருந்தால் நானே மூட்டுவலிக்குப் போய் உட்காருவேன். விமர்சகர்கள் தொண்ணூற்றுமூன்று கொடுத்திருக்கிறார்கள், நான் நாற்பத்தொன்று. மூன்றாவது விவசாயம். முசிறியிலிருந்து பழம் கொண்டுவரும் அடைக்கலத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அஞ்சு நாள்ல வாழை தார் போட்டுருச்சு, காத்துல ஒண்ணுகூட சாயல, இந்த ஊரு எங்க சார் இருக்கு, நான் குடும்பத்தோட போயிடறேன் என்றார். ஐம்பத்தெட்டு.

இரண்டாவது. ஆற்றுக்கு நடுவே ஒரு ஊர், விலாசம் தப்பிய கடிதங்களை உரியவர்களிடம் சேர்க்கும் ஒரு பெண். ஒரு விமர்சகர் மெதுவாக நகர்கிறது என்கிறார், இன்னொருவர் கடைசிவரை யாரையும் சுட முடியவில்லை என்று குறைப்படுகிறார். நான் ஆறு நாள் உட்கார்ந்து முழுவதும் ஆடினேன். மழை பெய்யும் கட்டத்தில் வழி தெரியவில்லை என்பதைத் தவிர எனக்குப் பெரிய குறை தெரியவில்லை, ஆனால் என் கண்ணும் அவ்வளவுதான்.

மூன்றாவது. இதை எழுதத்தான் பத்து நாளாயிற்று. விமர்சகர்களின் மதிப்பெண் வரும் இணையப் பக்கத்தில் பொதுஜனங்களும் போடலாம் என்று இருந்தது. ஓய்வுபெற்ற தேர்வாளர், திருச்சிராப்பள்ளி என்று பெயர் கொடுத்து அறுபத்திரண்டு போட்டது நான்தான். பதினெட்டுப் பேர் சேர்ந்து செய்தது, உன் பங்கு எது என்று நான் கேட்டதில்லை, டம்மி நம்பர் போட்ட விடைத்தாளைத் திருத்துவதுபோல் யாருடையது என்று பாராமல்தான் போட்டேன். முப்பத்தொரு வருஷம் திருத்தும் முகாம்களுக்குப் போனவன், அறுபதுக்கு மேல் என்றால் எனக்கு முதல் வகுப்பு, எழுபதுக்கு மேல் என் கை போனதில்லை. நாலு தாளில் உங்களுடையதுதான் முதலாவது என்ற சந்தோஷத்தில் கடைத்தெருவுக்குப் போய்க் கால் கிலோ அல்வா வாங்கிவந்தேன். எதுக்குங்க என்றாள் அம்மா, சும்மாதான் என்றேன். அன்று சாயங்காலம் நீ போனில், வெள்ளைக்காரங்க என்ன போட்டாலும் தாங்கிப்பேம்மா, நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் அறுபத்திரண்டு போட்டிருக்கார், அவருக்கே பிடிக்கலைன்னா நான் யாருக்காகச் செய்யறேன், அடுத்த கேம்ல நான் இல்லைன்னு சொல்லிடப் போறேன் என்று அழுதாய். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன், வாயில் அல்வா. மறுநாள் கமருன்னிசா டீச்சர்தான் விளக்கினார், அங்கே எழுபதுக்குக் கீழே எல்லாம் பெயில் சார், பிள்ளையை பெயிலாக்கிட்டு இனிப்பு வாங்கியிருக்கீங்க என்று. அந்தப் பக்கத்தில் எண்ணை மாற்ற வழி இருக்கிறதாம். போட்ட மதிப்பெண்ணை அடித்துத் திருத்தி எனக்குப் பழக்கமில்லை, இரண்டு முறை போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

நாலாவது. அடுத்த கேம் பற்றி மாதக் கடைசிக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாயாம். எதிர்வீட்டில் போய் பிரேக் பிடிக்க மட்டுமே தெரிந்த ஒரு கிழவனின் எண்ணுக்காக வேலையை விடாதே. நான் சொல்வது சரியா என்றும் நிச்சயமில்லை, ஆனாலும் விடாதே.

குளிரில் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. மாதா உனக்குத் துணை இருப்பாள். இதைக் கமருன்னிசா டீச்சர் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நான் சொல்லும்வரை நீ முந்திக்கொள்ளாதே.

உன் நலமே வேண்டும் அப்பா,
ம. ஸ்தனிஸ்லாஸ்

பி.கு. கையெழுத்துப் போட்டபின் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். மூன்றாவது குறிப்பு தவறு. முதல் காட்சியிலேயே அந்தப் பெண் பாலத்தில் ஒன்று விட்டு ஒரு விளக்குக் கம்பத்தைத் தொட்டுக்கொண்டு போகிறாள். ஸ்ரீரங்கத்துக்கு நடந்து போகும் நாட்களில் நீ காவிரிப் பாலத்தில் அப்படித்தான் வருவாய், ஒன்று தவறிவிட்டால் திரும்பிப் போய்த் தொட்டுவிட்டு வருவாய். யாருடைய தாள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. மகளுக்கு அள்ளிப் போட்டுவிட்டான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் குறைத்துப் போட்டேன். வேறு யார் வீட்டுப் பிள்ளையாவது எழுதியிருந்தால் எண்பத்தொன்று.