இரண்டாம் முறை துடைத்த கை

ஞாயிறு, 14 ஜூலை 1935. கொரட்டூர்.

இன்று ரூத்துக்கு முதல் திருவிருந்து. செங்கல் சூளையில் மண் மிதிப்பவள். சேரியிலிருந்து எங்கள் சபைக்கு வந்த முதல் ஆள். முன்வரிசையில் முழங்காலிடும்படி சபைப் போதகனான நான்தான் சொல்லியிருந்தேன். அவளுக்கு அடுத்து சபை மூப்பர்.

திராட்சரசம் எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தில்தான்; ஒவ்வொருவரும் பருகிய பின் அதன் விளிம்பை வெள்ளைத் துணியால் ஒரு முறை துடைப்பது வழக்கம். ரூத் பருகியதும் துடைத்தேன். பிறகு இன்னொரு முறை துடைத்தேன். பாத்திரத்தைத் திருப்பி, அவள் வாய் படாத பக்கத்தை மூப்பருக்கு நீட்டினேன். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. கை தானாகவே செய்தது. போன வாரம்தான் சாதி பாவம் என்று பிரசங்கித்தேன். தேவன் என்னை மாற்றிவிட்டார் என்றே நம்பியிருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் மூப்பர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படிடா குடிக்கிறதுன்னு தவிச்சுகினு இருந்தேன் ஐயரே. நல்ல வேளை, நீங்களே பாத்துகினீங்க."

ரூத் வாசலில் காத்திருந்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"ரெண்டு தபா தொடைச்சா ஒங்களுக்குக் கை நோவாதா ஐயரே? இனிமே நான் கடைசியா வரேன்."

கூடாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரிம்மா" என்றேன்.